பொம்மையின் இடது கண்

முதல் தடவை அந்த இருட்டு அறைக்குப் போனபோது என் தங்கை பார்த்ததெல்லாம் ஒரு நூலைத்தான். திரையில் ஒரு பெண் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவருடைய சாம்பல் நிறச் சட்டையின் இரண்டாவது பொத்தானிலிருந்து அரை விரல் நீளத்துக்கு நூல் தொங்கியது. அது என் கண்ணில் படவே இல்லை. சோதனை முடிந்து வெளியே வந்த பிறகு, அங்கே கேமராவைக் கவனித்துக்கொள்கிற, நாங்கள் கேமரா மாமா என்று கூப்பிடுகிறவரின் கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் பளிச்சென்று இருக்க, பொத்தான் இருந்த இடத்தில் மட்டும் சிவப்பாக ஒரு கறை ஊறியிருந்தது.

திரைக்குக் கீழே பொருத்திய சின்னக் கேமரா, குழந்தையின் கண்மணி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று விடாமல் குறித்துக்கொண்டே இருக்கும். பார்வை வெகுநேரம் தங்கிய இடம் சிவப்பு. கொஞ்சம் தங்கிய இடம் மஞ்சள். தொட்டுவிட்டுப் போன இடம் பச்சை. அங்கே வேலை செய்பவர்கள் அதை ஹீட் மேப் என்றார்கள். நாங்கள் கறை என்றோம்.

“முகம்னு ஒண்ணு இருக்கிறதையே உங்க பொண்ணு கவனிக்கல,” என்று கேமரா மாமா அம்மாவிடம் சொன்னார். “ஆனா இனிமே சட்டை வாங்கினா இவகிட்ட காட்டிட்டுத்தான் போடணும்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தைத்து முடித்த துணிகளில் பிசிறு வெட்டுவதுதான் அவள் வேலை. தங்கைக்கு மூன்று வயதிருக்கும்போது, அம்மாவின் கத்தரிக்குத் தப்பிய பிசிறுகளை அவள்தான் கண்டுபிடித்து இழுப்பாள். அப்படித்தான் வீட்டில் அவளுக்கு நூலு என்று பெயர் வந்தது. நான்கு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். அதன் பிறகும் பெயர் மாறவில்லை. பெயரைச் சொல்லும்போது அம்மாவின் குரல்தான் மாறிவிட்டது.

திரையில் பேசிய பெண்தான் அந்த ஆராய்ச்சியை நடத்துபவர். எங்கள் வீட்டில் அவரைப் புள்ளி மேடம் என்போம். முதல் சோதனையில் திரை முழுக்கப் புள்ளிகள் எறும்புக் கூட்டம் மாதிரி ஓடும், கூட்டம் மொத்தமாக எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல வேண்டும். நூலுவால் சொல்லவே முடியாது. அவள் ஒரே ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு அது போகும் இடமெல்லாம் போவாள். அடுத்தது, படத்துக்குள் ஒளிந்திருக்கும் முக்கோணத்தைக் கண்டுபிடிப்பது. அதில் நான் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் அவள் விரல் வைத்துவிடுவாள். மூன்றாவது, மேடம் பேசும் படம்.

இப்படிப்பட்ட குழந்தைகளின் பார்வை வளர வளர எப்படி மாறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. நான்கு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். மேடம் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வார். “நாம சுவரைப் பார்க்கிறோம்மா. நூலு குட்டி ஒவ்வொரு செங்கல்லா பார்க்கிறா. சுவர் அவளுக்கு அப்புறமாத்தான் வரும். சில நாள் வராமலேயும் போயிடும்.” அது குறை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது. ஆனால் பிடித்திருக்கிறது என்பதைக் காட்டுகிற அளவுக்குக்கூட நான் அவரிடம் பேசியதில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவேன். கேமரா மாமா என்னை லவுட்ஸ்பீக்கர் என்று கூப்பிடுவார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் காதைப் பொத்திக்கொண்டு, “கொஞ்சம் மெதுவா பேசு தாயே,” என்பார்.

நான் ஒன்பதாம் வகுப்பை நடுவில் விட்டவள். அதுவரை நூலுவைப் பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் குக்கர் விசில் சத்தத்துக்கு அவள் தலையைச் சுவரில் மோதி ரத்தம் வந்துவிட்டது. எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம்மா என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அப்பா லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியே. அம்மாவுக்கு வேலை. மிச்சம் இருந்தது நான். ஒரு வருஷம்தான் என்று அம்மா சொன்னாள். மூன்றாகிவிட்டது. என் வகுப்புப் பெண்கள் சீருடை நிறம் மாறி, நிறம் மாறி, இப்போது தெருவில் என்னைப் பார்த்தால் சிரிக்க வேண்டுமா கூடாதா என்று யோசிக்கிறார்கள்.

மேடம் பேசும் படத்தில் மொத்தம் ஆறு வாக்கியங்கள். குடையைத் தொலைத்தது, பஸ்ஸில் தேடியது, நடத்துநரிடம் கேட்டது, கடைசியில் வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் அதே கதைதான், ஆனால் படத்தைப் புதிதாக எடுப்பார்கள். பழைய படத்தையே போட்டால் இந்தக் குழந்தைகள் அதன் மூலைமுடுக்கெல்லாம் ஞாபகம் வைத்திருப்பார்கள், பார்வை புதிதாக இருக்காது என்று மேடம் சொன்னார். அதே சட்டை, அதே நாற்காலி, அதே விளக்கு. நாற்காலியின் கால்கள் எங்கே இருக்க வேண்டும் என்று தரையில் டேப் ஒட்டியிருந்தார்கள். எப்போதும் தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி அணிபவர், படத்துக்கு மட்டும் அதைக் கழற்றிவிடுவார். கண்ணாடி விளக்கில் மின்னுமாம்.

“பார்த்தீங்களா, இங்க எல்லாமே ஒண்ணுதான்,” என்று அவர் பெருமையாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “மாறுறது குழந்தை மட்டும்தான். அப்பத்தான் அளக்க முடியும்.”

இரண்டாவது தடவை பொத்தானில் நூல் இல்லை. வெட்டியிருந்தார்கள். கறை திரையெல்லாம் சிதறி, நாற்காலியின் விளிம்பு, சுவரின் மூலை என்று பச்சைப் பச்சையாகக் கிடந்தது. அப்போதுதான் மேடம் எங்களுக்கு ஒரு டேப்லெட் கொடுத்தார். அதில் ஒரு விளையாட்டு. முகங்கள் வரும், கண்களைத் தொட்டால் பலூன் வெடிக்கும். தினமும் இருபது நிமிடம். பழகப் பழக முகத்தைப் பார்ப்பது தானாக வரும் என்பதுதான் அவருடைய எண்ணம். விளையாடிய நாளில் ஒரு தாளில் டிக் போட வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது.

பதினொரு நாள் செய்தேன். பன்னிரண்டாம் நாள் நூலு டேப்லெட்டின் ஓரத்தைக் கடித்தாள். பதின்மூன்றாம் நாள் அதைக் கையில் எடுத்ததுமே கட்டிலுக்கு அடியில் போய், மதியம் வரை வெளியே வரவில்லை. நான் அதைப் பீரோவின் மேல் வைத்துவிட்டேன். தாளில் மட்டும் தினமும் டிக் போட்டேன். நிஜம்போல் தெரியட்டும் என்று நீலப் பேனாவும் கறுப்புப் பேனாவும் மாற்றி மாற்றிப் போட்டேன். நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் என்று எழுதி விட்டுவைத்தேன். பேசத்தான் எனக்கு வராது, பொய்யாக எழுத நன்றாகவே வந்தது.

மூன்றாவது தடவை போனபோது கறை முகத்துக்கு வந்திருந்தது.

கேமரா மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். மேடத்தின் இடது கண்ணின் மேல், ஒரு விரல் நகம் அளவுக்குச் சிவப்பு. மேடம் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் கொடுத்த தாளை அவர் விரலால் வரிவரியாகத் தடவிப் பார்த்து, “எல்லாம் உன் உழைப்பும்மா,” என்றார். எனக்குக் காது சுட்டது. கூச்சத்தில் குனிகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான்காவது தடவை கறை ரூபாய்க் காசு அளவு ஆகியிருந்தது. வேறெங்கும் பச்சைகூட இல்லை. அந்த ஒரு கண் மட்டும். ஏன் ஒரே கண் என்று அம்மா கேட்டாள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், அடுத்து மற்றக் கண்ணுக்கும் வரும் என்று மேடம் சொன்னார். சொல்லும்போது இடது தோளைப் பிசைந்துகொண்டே இருந்தார். என்ன மேடம் என்று அம்மா கேட்டதற்கு, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இப்படித்தான், தலையணை சரியில்லை என்றார்.

இந்த இடத்தில் பொம்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா எப்போதோ வாங்கிவந்தது. படுக்கவைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். நூலு அதோடு விளையாடியதே இல்லை, அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. மூன்றாவது தடவை போய்வந்த அன்று மாலை அதை எடுத்து மடியில் நிறுத்தி, காலண்டர் தாளில் ஒரு துணுக்கைக் கிழித்து, அதன் இடது இமைக்கும் குழிக்கும் நடுவில் சொருகினாள். இமை லேசாகக் கீழே இறங்கி நின்றது. அம்மா துணுக்கை எடுத்துவிட்டதும் அவள் கத்திய கத்தலில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். அதன் பிறகு நாங்கள் தொடவில்லை. நான்காவது தடவை போய்வந்த மாலை அவளே பழைய துணுக்கை உருவிவிட்டு, புதிதாக ஒன்றை இரண்டாக மடித்துச் சொருகினாள். இமை இன்னும் கொஞ்சம் இறங்கியது. “பொம்மைக்குத் தூக்கம் வருது போல,” என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்தாவது தடவை போன அன்று அந்தக் கட்டடத்தில் ஏசி வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடி, ஜன்னல் இல்லாத அறைகள். அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டாள். கேமரா மாமாவின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, தன்னைப் பிழிந்து காயப்போடச் சொல்லிக்கொண்டிருந்தார். சோதனை முடிந்தது. கறையைப் பார்க்க எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடினோம். இந்த முறை அது அந்தக் கண்ணை முழுதாக விழுங்கியிருந்தது. ஓரத்தில்கூட மஞ்சள் இல்லாத சிவப்பு. மேடம் வாய்விட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலாகிப் போனது. பிறகு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார்.

நான் அவருக்கு எதிரில், விளக்குக்கு நேராக நின்றேன். அவர் நெற்றியின் வலது பாதியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கன்னத்தில் வழிந்தது. இடது பாதியில் ஒரு சொட்டுகூட இல்லை. நடுநெற்றியில் கோடு கிழித்த மாதிரி, ஒரு பக்கம் நனைந்தும் ஒரு பக்கம் காய்ந்தும் இருந்தது அந்த முகம். காய்ந்த பக்கத்துக் கண், மற்றதைவிடக் கொஞ்சம் சின்னதாக, பாதித் தூக்கத்தில் இருப்பவரின் கண்போல இருந்தது. கண்மணிகூட ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

என் இடுப்பளவில் நின்ற நூலுவும் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கறுப்புச் சட்டம் இமையை மறைத்தது. எல்லாம் பழையபடி ஆனது. மூன்று வாரத்தில் அறிக்கை தயாராகிவிடும், நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நடையில் உள்ள பெரிய பள்ளியில், நூலு மாதிரிக் குழந்தைகளுக்கு மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார நான்கு இடம் உண்டு. மூன்று நிரம்பிவிட்டது. முகம் பார்ப்பதில் முன்னேற்றம் இருக்கிறது என்று அறிக்கை வந்தால் நான்காவது நூலுவுக்கு என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். நூலு பள்ளிக்குப் போனால் நானும் போகலாம். விட்ட ஒன்பதாம் வகுப்பில், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னப் பிள்ளைகளோடு. அதைப் பற்றி எனக்கு வெட்கமே இல்லை.

அன்று மாலை நூலு பொம்மையை எடுத்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய துணுக்கை உருவினாள். புதிய துணுக்கை மடித்தாள், மறுபடி மடித்தாள், பல்லால் அழுத்தினாள். சொருகிவிட்டுப் பொம்மையைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துச் சரிபார்த்தாள். சரியில்லை. உருவி இன்னும் ஒரு மடிப்பு. இப்போது இமை பாதிக் கண்ணுக்கு வந்து நின்றது. அவளுக்குத் திருப்தி. நான் படியிலிருந்து எழுந்துவிட்டேன்.

அவள் முகம் பார்க்கப் பழகவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷமாகப் பீரோ மேல் கிடக்கும் டேப்லெட் அவளுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. பொத்தானில் நூல் தொங்கியதுபோல, மேடத்தின் முகத்தில் ஏதோ ஒன்று தொங்க ஆரம்பித்திருந்தது. அவள் அதைத்தான் பார்த்தாள். அது கீழே இறங்க இறங்க, கறை பெரிதாகிக்கொண்டே வந்தது.

மூன்று வாரம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருக்கக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. வெயிலில் சிலருக்கு அப்படி வியர்க்கலாம். மேடமே படித்தவர், அவருக்குத் தெரியாததா. வீட்டில் கண்ணாடி பார்க்க மாட்டாரா. நூலுவுக்கு எதில்தான் பிடிவாதம் இல்லை. அம்மா அந்த வாரம் வேலை செய்யும் இடத்தில் ஒதுக்கிப்போட்ட நீலத் துணியைக் கேட்டு வாங்கிவந்து, எனக்கு ஒரு பள்ளிப் பை தைத்தாள். தோள்பட்டையை இரட்டைத் தையல் போட்டாள். “ஒன்பதாவதுல புத்தகம் அதிகம்டி,” என்றாள். நான் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். எனக்குப் பின்னால், அலமாரியில் இருந்த பொம்மையும் கண்ணாடியில் தெரிந்தது. ஒரு கண்ணால் என்னை முழுதாகவும் ஒரு கண்ணால் பாதியாகவும் பார்த்தது. நான் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பொம்மையைத் திருப்பி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நூலு வந்து அதை மறுபடி நேராகத் திருப்பினாள்.

அறிக்கை வாங்கப் போன நாளில் அம்மா அரைநாள் விடுப்பு போட்டிருந்தாள். மாலைக்குள் அதைப் பள்ளியில் கொடுக்க வேண்டும், அன்றுதான் கடைசி நாள். மேடத்தின் அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். கேமரா மாமா வழக்கம்போலக் காதைப் பொத்தினார். மேடம் மெலிந்திருந்தார். பேனாவைக் கையில் எடுத்துவிட்டு இடது கையை மடியில் வைத்து விரல்களை நீட்டி மடக்கினார். மரத்துப்போகிறதாம். அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள்.

“கையெழுத்துக்கு முன்னாடி நீங்க ஒண்ணு பார்க்கணும்,” என்றார் மேடம். கேமரா மாமா திரையைத் திருப்பினார். ஐந்து முகங்கள் வரிசையாக. ஐந்தும் அதே சட்டை, அதே நாற்காலி. முதலாவதில் பொத்தானில் கறை. இரண்டாவதில் எங்கும் பச்சைச் சிதறல். மூன்றாவதில் நகம், நான்காவதில் காசு, ஐந்தாவதில் ஒரு முழுக் கண். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடம் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

வீட்டில் நீலப் பை ஆணியில் தொங்குவது கண்ணுக்குள் தெரிந்தது. இரட்டைத் தையல் தெரிந்தது.

“மேடம்,” என்றேன்.

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். கேமரா மாமா ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“சொல்லும்மா.”

“மாறினது அவ இல்ல மேடம். நீங்க.”

யாருக்கும் புரியவில்லை. திரையை நோக்கிக் கையை நீட்டினேன். “அந்தக் கறையை எடுத்துட்டு... முகம் மட்டும் காட்டுங்க மாமா.”

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையசைத்தார். ஒவ்வொன்றாகக் கறைகள் மறைந்தன. சிவப்பு இருந்த இடத்தில் ஐந்து இடது கண்கள். முதல் இரண்டும் ஒன்றுபோல. மூன்றாவதில் இமை ஒரு மயிரிழை இறங்கியிருந்தது, தனியாகப் பார்த்தால் தெரியாது. நான்காவதில் தெரிந்தது. ஐந்தாவதில் மறைக்க ஒன்றும் இல்லை.

மேடம் எழுந்து திரைக்கு அருகில் போனார். அறிக்கைத் தாளையே எடுத்து ஒவ்வொரு முகத்திலும் ஒரு பாதியை மறைத்தார், பிறகு மற்றப் பாதியை மறைத்தார். ஒரு சோதனையை எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தார். கண்ணாடியைக் கழற்றி, அணைந்திருந்த இன்னொரு திரையின் கறுப்பில் தன்னைப் பார்த்தார்.

“நான் வெளிச்சத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன் மேடம்,” என்றார் கேமரா மாமா. “ஒவ்வொரு தடவையும். வெளிச்சம் சரியா இருக்கான்னு.”

மேடம் என்னிடம் கேட்டார்: “அந்த விளையாட்டு எத்தனை நாள் விளையாடினா?”

“பதினொரு நாள்.”

அம்மா என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை.

“இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“ஏசி ஓடாத அன்னைக்கு. உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் வேர்த்துது.”

“மூணு வாரம்,” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. ஓர் அளவைச் சொல்வதுபோலச் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வியர்க்காத பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு விரல்கள் மெதுவாகக் கழுத்துக்கு இறங்கி, தோளுக்கு மேலே, எலும்புக்குப் பின்னால் உள்ள குழியில் போய் நின்றன. அங்கே கட்டி ஏதும் இருக்கிறதா என்று தேடுவதுபோல அழுத்தின. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கண்களைப் பற்றிப் படித்தவர் அவர். அந்த முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன்.

அதுவரை நாற்காலியின் பிளாஸ்டிக் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த நூலு எழுந்து அவரிடம் போனாள். யாரையும் தானாகத் தொடாதவள். கையை நீட்டியதும், மேடம் குனிந்தார். நூலு கட்டைவிரலை இடது இமைக்குக் கீழே வைத்து, பொம்மையின் துணுக்கை உருவும் அதே கவனத்தோடு, மேலே தூக்கினாள். அங்கே உருவ ஒன்றும் இல்லை. விரலை எடுத்தாள். இமை மறுபடி இறங்கியது. இன்னொரு முறை தூக்கினாள். இறங்கியது. அவள் கேமரா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள், பழுதான பொருளைச் சரிசெய்பவர் அவர்தான் என்பதுபோல.

மேடம் உட்கார்ந்து அறிக்கையில் இரண்டு வரியை அடித்தார். முகம் பார்ப்பதில் முன்னேற்றம் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்று எழுதினார். அதற்குக் கீழே, இந்தக் குழந்தை சின்ன மாற்றங்களை எங்கள் கருவிகளுக்கு முன்பே கண்டுகொள்கிறாள், தயவுசெய்து இடம் கொடுங்கள் என்று தன் கையால் சேர்த்தார். கையெழுத்துப் போடும்போது வலது கை உறுதியாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மூன்று நிறுத்தம் தாண்டியதும், “பிறந்ததுல இருந்து வாயே திறக்காதவ, இன்னைக்குத்தான் திறக்கணுமாடி,” என்றாள். இன்னும் இரண்டு நிறுத்தம் போனது. “அந்தம்மா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னாங்கல்ல?” என்று கேட்டாள். சொன்னார்கள் என்றேன். “துணைக்கு யாராவது போவாங்களா?” எனக்குத் தெரியாது என்றேன். அவள் நூலுவின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

பெரிய பள்ளியின் தலைமையாசிரியை அறிக்கையை இரண்டு முறை படித்தார். கீழே கையால் எழுதியிருப்பதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றார். அடுத்த வருஷம் பார்க்கலாமாம். நான்காவது இடம் வேறு குழந்தைக்குப் போய்விட்டது. நீலப் பையில் அம்மா இப்போது பிசிறு வெட்டும் கத்தரியும் தண்ணீர் பாட்டிலும் வைத்து வேலைக்குக் கொண்டுபோகிறாள்.

ஆறாவது தடவை போக வேண்டிய தேதி நேற்று. அதற்கு முந்தைய வாரம் கேமரா மாமா அம்மாவுக்குப் போன் செய்தார். மேடம் விடுப்பில் இருக்கிறார், எப்போது வருவார் என்று சொல்லவில்லை, ஆராய்ச்சியை நிறுத்திவைத்திருக்கிறோம் என்றார். கடைசியில், “லவுட்ஸ்பீக்கர்கிட்ட குடுங்க,” என்றாராம். அம்மா போனை என் காதில் வைத்தாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவர் வைத்துவிட்டார்.

ஆனால் நூலுவுக்குத் தேதி தெரியும். நேற்றுக் காலையிலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றாள். பத்து மணி வரை நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், பொம்மையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இடது கண்ணிலிருந்து பழைய துணுக்கை உருவினாள். இமை படக்கென்று மேலே போய், கண் முழுதாகத் திறந்தது. காலண்டரிலிருந்து இரண்டு தாள் கிழித்தாள். ஒன்றை ஒரே ஒரு மடிப்பாக மடித்தாள். இன்னொன்றைத் தடிமனாக, கண்ணையே முழுதாக மூடிவிடும் அளவுக்கு மடித்து, பல்லால் அழுத்தினாள்.

இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பொம்மையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, எதைச் சொருக வேண்டும் என்று நான் எடுத்துக் கொடுக்கக் காத்திருந்தாள்.

நான் கையை மூடிக்கொண்டேன்.